நகர் இருக்கு, ஊர் இருக்கு, சேரி எங்கே?

போன வருசம் நண்பர்கள் சிலர் கூடி, நகரமைப்பும் ஊரமைப்பும் சொல்லித்தர இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். கட்டடக்கலை படித்தவர்கள், ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர் ஒருவர், கணினி தெரிந்த இளைஞர்கள் இருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எதற்கு? நான் எம்.ஏ. தமிழ். ஆங்கிலத்தில் போட்ட பாடத்திட்டத்தைத் தமிழாக்கித் தரணும், அவ்வளவுதான். அந்த வேலையில் உட்கார்ந்தபோது கிளம்பிய கேள்விகளை இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகம் இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்கு முன்னாலேயே பேசித் தீர்க்க வேண்டிய சங்கதிகள் இவை.

முதல் சிக்கல் பெயரிலேயே வந்தது. இந்தத் துறைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் 'நகர் ஊரமைப்பு'. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான். நகர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. சேரி? "ஊர்னா எல்லாரும் அடக்கம்தானே தோழர்" என்றார் ஒருவர். எங்க ஆயாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று அவள் சொன்னால், தன் வீடு இருக்கும் இடத்தை விட்டு வேறோர் இடத்துக்குக் கிளம்புகிறாள் என்று பொருள். எண்பது வயசு வரைக்கும் அவள் ஒருநாளும் ஊரில் குடியிருந்ததில்லை. ஊருக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தாள்.

அடுத்து 'ஸ்லம்' என்ற சொல். "சேரின்னே போடுங்க, பேப்பர்ல அப்படித்தான போடுறான்" என்றார்கள். நான் மறுத்தேன். பாடத்திட்டத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் அகற்றுவது, மாற்றுவது, ஒழிப்பது என்றே வருகிறது. அங்கே சேரி என்று போட்டால், எங்கள் குடியிருப்பின் பெயரே அகற்ற வேண்டிய நோயின் பெயராகிவிடும். சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம். சோழர் காலத்துப் பிரமதேயங்களில் பார்ப்பனர் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. பிறகு அவர்கள் அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள்மேல் அது ஒட்டிக்கொண்டது.

திட்டமிடல் என்னவோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை போலப் பாடத்தின் முதல் அலகு தொடங்குகிறது. எபனேசர் ஹோவார்டு 1898இல் எழுதிய தோட்ட நகரம் இருக்கிறது. பேட்ரிக் கெடிஸ் இருக்கிறார். சண்டிகர் கட்டிய லே கொர்பூசியே இருக்கிறார். இருக்கட்டும், படிக்க வேண்டியவர்கள்தான். ஆனால் ராசராசனின் தஞ்சைக் கல்வெட்டைப் பாருங்கள். வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர் நத்தம் தனி, குளம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி, சுடுகாடு தனி. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய நிலப் பயன்பாட்டுப் பட்டியல் அது. யார் எங்கே குடியிருக்கணும், யார் செத்தால் எங்கே எரியணும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணின் மிகப் பழைய முழுமைத் திட்டம் சாதிதான். அதை முதல் அலகில் வைக்காமல் இங்கே எந்த ஊரமைப்பைச் சொல்லித்தரப் போகிறோம்?

பாடத்திட்டத்தில் அண்ணல் அம்பேத்கர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேட்டதற்கு, "அவர் சட்டம் சம்பந்தப்பட்டவர் இல்லையா" என்றார்கள். 1942 ஜூலையில் நாகபுரியில் அவர் முன்னின்று நடத்திய மாநாடு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊரைச் சாராத தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அரசிடம் இருக்கும் நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தத் தனி ஆணையம் வேண்டும் என்று 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் எழுதினார். 1948 நவம்பர் 4ஆம் தேதி, கிராமத்தைக் கொண்டாடியவர்கள் நிறைந்த அரசியல் நிர்ணய சபையிலேயே கிராமத்தின் தோலை உரித்துக் காட்டினார். குடியிருப்பு, நிலம், தொழில், பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து யோசித்தவர் ஊரமைப்பு அறிஞர் இல்லையென்றால், வேறு யார்?

சுவருக்கும் பாடத்தில் இடமில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6ஆம் தேதிதான் இடித்தார்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்பார்கள். சென்னையில் ஆற்றோரமும் கால்வாயோரமும் இருந்த சனங்களை 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். நகரமும் தனக்கொரு சேரியைக் கட்டிக்கொண்டது. குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அரசுப் பதிவுகளில் 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிடுவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். பெயரை எடுக்கலாம், கோட்டை யார் எடுப்பது?

திட்டத்தால் இதை மாற்ற முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 1997இல் தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீடு என்றால் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10 என்று பிரித்துக் கலந்து கொடுத்தார்கள். அடுத்தடுத்த வீட்டில் யார் இருப்பது என்பதை அரசு நினைத்தால் தீர்மானிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பழைய ஊரும் பழைய சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. புதிதாக மூன்றாவதாக ஒன்று முளைத்தது. ஏன் இப்படி ஆனது என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

இந்தப் படிப்புக்கு ஆள் தேவை என்பது உண்மை. நாட்டில் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. 12,000க்கு மேல் நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவைப்படும் மாநிலத் துறைகளில், அனுமதிக்கப்பட்டவையே 4,000க்கும் குறைவு. அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைய காலி என்றது. இனிமேல் வரப்போகிற கோடுகளை யாராவது போடத்தான் போகிறார்கள். அந்தக் கையில் நம் பிள்ளையின் கை இருக்குமா என்பதுதான் என் கவலை.

எங்க தெருக்கதையைச் சொல்கிறேன். பக்கத்து நகரத்துக்கு முழுமைத் திட்ட வரைவு வந்தது. விரிவுபடுத்திய எல்லைக்குள் நாங்களும் அடக்கம். வரைபடத்தில் எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறம் பூசியிருந்தது. அறுபது குடும்பம் உயிரோடு இருக்கிற இடம், காகிதத்தில் வெறும் பசுமைப் பகுதி. "படத்துல நம்ம வூடு எங்கடா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தொல்காப்பியம் படித்தவனுக்கு அந்தப் படம் புரியவில்லை. எங்க தெருவில் சிவில் டிப்ளமோ முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் செல்போனில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் இறக்கி, பச்சை நிறத்துக்குக் கீழே இருந்த புல எண்ணைக் கண்டுபிடித்தாள். 'சேரி நத்தம்' என்று பதிவிலேயே இருந்தது. சட்டப்படி ஆட்சேபம் கேட்டே ஆக வேண்டும். எழுதிக் கொடுத்தோம். "நோட் பண்ணிக்கிறோம்" என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை.

ஆபீசிலிருந்து திரும்பும்போது அவள் கேட்டாள்: "இந்தப் படம் போடற படிப்பு எங்கண்ணா இருக்கு?" இருக்கிற இடமும் கட்டணமும் சொன்னேன். ஒண்ணும் பேசாமல் வந்தாள். வீட்டுக்கு அவள் சம்பளம்தான். இணையவழிப் பல்கலைக்கழகம் என்று நண்பர்கள் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பெண்தான்.

ஆகவே என் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, அங்கீகாரம். 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி நினைத்தவரெல்லாம் பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டிக்கொள்ள முடியாது. பட்டமும் தர முடியாது. நகரமைப்புக் கல்வி 1987ஆம் ஆண்டுத் தொழில்நுட்பக் கல்விக் குழுச் சட்டத்துக்குள்ளும் வருகிறது. "சான்றிதழ் கொடுத்தாப் போதும், அறிவுதானே முக்கியம்" என்கிறார்கள் நண்பர்கள். ஏற்கெனவே கையில் பட்டம் வைத்திருப்பவன் அப்படிப் பேசலாம். துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு, அரசு வேலைக்கு ஆகாத காகிதத்தால் என்ன பயன்? திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றோடு சேர்ந்து, முறையாக அனுமதி வாங்கிச் செய்யுங்கள். அதுவரை பள்ளி என்றே பெயர் வையுங்கள். பொய்ப் பட்டத்தால் முதலில் ஏமாறப் போவது நாங்கள்தான்.

இரண்டு, இணையத்தோடு ஓர் இடமும் வேண்டும். 2020இல் பள்ளிகளை மூடியபோது ஆன்லைன் வகுப்பு எங்க தெருவுக்கு எப்படி வந்தது என்று பார்த்தவன் நான். மூணு பிள்ளைக்கு ஒரு போன். அதுவும் அப்பன் வேலையிலிருந்து வந்தபிறகு. நம் பாட்டன்கள் இராப்பள்ளியில் எழுத்துப் படித்தவர்கள். ஒன்றியத்துக்கு ஒரு இராப்பள்ளி, அதில் நாலு கணினி, சொல்லித்தர ஒருவர் என்று இருக்கட்டும். பாடம் இணையத்தில் வரட்டும், படிப்பு தெருவில் நடக்கட்டும்.

மூன்று, படிப்பு நிலப்பதிவிலிருந்து தொடங்க வேண்டும். பட்டா, அடங்கல், புலப்படம், நத்தம், புறம்போக்கு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிக் குண்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். நிலப்பதிவேட்டை வாசிக்கத் தெரிவது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

நான்கு, கற்பிப்பவர் யார் என்பது. மழை பெய்தால் எந்தச் சாக்கடை எங்கே எதிர்த்து வரும் என்று துப்புரவுத் தொழிலாளிக்குத் தெரியும். எந்த வாய்க்காலை யார் மறித்து மனைப்பிரிவு போட்டான் என்று நாற்று நட்ட அம்மாவுக்குத் தெரியும். அவர்களை ஆய்வுக்குக் 'களம்' ஆக்காதீர்கள். சம்பளம் கொடுத்து ஆசிரியராக உட்கார வையுங்கள்.

நண்பர்கள் இரண்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் விசயத்தில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. நானும் விடுவதாக இல்லை.

இதை வாசிக்கும் மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பல்கலைக்கழகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவின் புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். புலப்படமும் 'அ' பதிவேடும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, கிணறு எது, சுடுகாட்டுப் பாதை எது, தண்ணீர் தேங்கும் இடம் எது, எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை என்று நீங்களே ஒரு படம் போடுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நாளைக்கு ஒரு வரைவு வந்து அதில் உங்கள் தெரு பச்சையாகக் கிடந்தால், மேசைமேல் விரித்துக் காட்ட உங்களிடம் வேறொரு படம் இருக்கணும்.