இரண்டு அபராதங்கள், ஒரு மனு

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு ஒரே வாரத்தில் இரண்டு அபராதக் குறுஞ்செய்திகள் வந்தன. கிண்டியில் தலைக்கவசமின்றி ஓட்டியதற்கு 1000 ரூபாய். ராயபுரத்தில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு 500 ரூபாய். தமிழகத்தில் 2022 அக்டோபர் வரை தலைக்கவச அபராதம் 100 ரூபாயாகவே இருந்தது.

முதலாவது எங்களுடையதன்று. அந்நேரத்தில் வண்டி திருவொற்றியூரில் எங்கள் வாசலில் நின்றது. இ-சலான் இணையதளத்தில் படத்தைத் திறந்தோம். வண்டியின் நிறமே வேறு. புழுதி படிந்த எண் பலகையில் 3 என்பது 8 ஆக வாசிக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது எங்களுடையதே. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று பள்ளிவாசல் தெருமுனையில் வண்டியை விட்டு ஓடினோம். தொழுது திரும்பியபோது ஒரு சரக்கு வண்டிக்காரர் வழியின்றிக் காத்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டோம்.

மனு எழுத உட்கார்ந்தபோது மகன் சொன்னான்: “ரெண்டுக்கும் சேர்த்தே எழுதிடலாம் அத்தா. கேமரா ஒரு தடவை தப்பு பண்ணியிருக்குன்னா, இன்னொரு தடவையும் பண்ணியிருக்கும்னு நம்புவாங்க.”

உடனே மறுக்க எங்களுக்கு நா எழவில்லை என்பதே உண்மை. 500 ரூபாய் எங்களுக்குச் சிறு தொகையன்று. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். அன்று பாதையில் கிடந்த இடையூறு எங்கள் வண்டி. அதை மறைத்து எழுதினால், முதல் அபராதத்தைப் பற்றி நாங்கள் சொல்லும் உண்மையும் களங்கப்படும். அவன் முன்னிலையிலேயே 500 ரூபாயைச் செலுத்தினோம்.

பிறகு முதல் அபராதத்துக்கு மட்டும் இணையவழியில் முறையிட்டோம். பதிவுச் சான்றின் நகலையும், வண்டியை முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் இணைத்தோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, கேமரா வழி அபராதத்துக்குக் குற்றத்தையும் எண் பலகையையும் காட்டும் படச் சான்று தேவை. ஆகவே படத்தைப் பாராமல் பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டாமல் விட்டுவிடுவதும் தீர்வன்று. அப்படி விட்டால் அப்போதைய முறைப்படி வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே அபராதத்தை ஏற்றுச் செலுத்த முடிந்தது; எதிர்த்து வழக்காடுவதாகவும் தெரிவிக்க முடிந்தது. எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறியது. ஒரு நாள் கூலி போய்விடுமே என்றஞ்சி, செய்யாத தவறுக்கும் பணம் கட்டிய துறைமுகத் தொழிலாளர்களை எங்கள் தெருவிலேயே அறிவோம்.

சில வாரங்களில் அந்த அபராதம் நீக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே ஓடும் நம் வண்டிகளில் புழுதி படியாத நாளில்லை. நம் எண் பலகையின் அழுக்கால் நமது அபராதம் பிறர் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். இப்போது வெள்ளிதோறும் மகனே பலகையைத் துடைக்கிறான். வண்டியை இரு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு நடக்கிறோம். நமக்கு எதிரானதாயினும் உண்மையையே சொல்லும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.