அழிக்காமல் விட்ட கோடுகள்

வெள்ளி, இரவு

சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. அவருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். நானும் பிள்ளைகளும் மட்டும்தான். "குதிரை, வாள், டிராகன் மூணும் வர்ற படம் போடும்மா" என்றாள் சின்னவள். அவளுக்கு ஏழு வயது. தேடிப் பார்த்து, வால்ட் டிஸ்னி நிறுவனம் 1963இல் வெளியிட்ட 'தி ஸ்வார்ட் இன் தி ஸ்டோன்' படத்தைப் போட்டேன். கல்லில் செருகிய வாளை உருவுகிறவனே அரசன் என்ற கதை. கல்லூரி விடுதியில் ஒருமுறை பாதி பார்த்து, மின்சாரம் போனதால் விட்ட படம்.

மூத்தவன் வந்து உட்கார்ந்ததே பெரிது. பதின்மூன்று முடியப் போகிறது. அவன் வாய் திறந்து பேசி மூன்று வாரம் ஆகிறது. தொண்டை உடைகிறது. ஒரு சொல் அப்பா குரலில் தொடங்கி, முடிவதற்குள் தங்கச்சி குரலாகிவிடுகிறது. வகுப்பில் செய்யுள் ஒப்பித்தபோது நடுவில் கிறீச்சிட்டிருக்கிறது. பையன்கள் சிரித்ததுகூட அவனுக்குப் பெரிதில்லை. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தாராம், அதுதான் ஆறவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான்.

படத்தில் வரும் பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். பெற்றோர் இல்லாதவன். சர் எக்டர் என்ற கோட்டைக்காரர் எடுத்து வளர்க்கிறார். அடுப்படியில் பாத்திரம் தேய்ப்பது, எடுபிடி வேலை எல்லாம் அவன் தலையில். ஆர்தர் என்ற பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. வார்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வார்ட் என்றால் மரு. இதைச் சின்னவளுக்குச் சொன்னதும், "மருவா? முகத்துல வருமே, அதுவா?" என்று முகம் சுளித்தாள். பிறகு படம் முடியும்வரை அவள் அவனை ஆர்தர் என்றே சொன்னாள். ஒருமுறைகூட வார்ட் என்று சொல்லவில்லை.

ஆங்கில வசனத்தை அவ்வப்போது அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "நைட்னா ராத்திரி இல்லையா?" என்று கேட்டாள். குதிரையேறிச் சண்டை போடுகிற வீரருக்கு ராஜா கொடுக்கும் பட்டம் என்றேன். "அப்ப ஆர்தருக்கு எப்ப குடுப்பாங்க?" அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

பாதிப் படத்தில் ஒரு விஷயம் நடந்தது. மூத்தவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தான். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கேட்டான். மறுபடியும் தள்ளினான். "அம்மா, இவன் குரல் மாறுது" என்றான். மூன்று வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். "சின்னப் பையன் மாதிரி பேசினான், இப்ப பெரியவன் மாதிரி பேசுறான். அப்புறம் திரும்பவும் சின்னவன் ஆயிட்டான்."

உற்றுக் கேட்டேன். உண்மைதான்.

சனி, மதியம்

காலையில் எழுந்ததும் தேடிப் படித்தேன். வார்ட்டுக்குக் குரல் கொடுத்தவர்கள் மூன்று பையன்கள். முதலில் ரிக்கி சோரன்சன். படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. இயக்குநர் உல்ஃப்காங் ரைதர்மன் தன் பிள்ளைகள் ரிச்சர்ட், ராபர்ட் இருவரையும் மைக் முன்னால் நிறுத்தி மிச்சத்தை முடித்தார். (நான்கு வருடம் கழித்து வந்த 'ஜங்கிள் புக்'கில் மௌக்லிக்குக் குரல் கொடுத்தவனும் அவர் பிள்ளைதான், புரூஸ்.) முன்பு பதிவு செய்ததைத் தூக்கிப் போடாமல், மூன்று குரலையும் கலந்தே படத்தை வெளியிட்டார்கள்.

படம் வந்த காலத்திலிருந்து இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரே காட்சிக்குள் குரல் மாறுவது செம்மையான வேலை இல்லைதான். ஆனால் நேற்று இரவு என் வீட்டில் அது குறையாக இல்லை.

என் பாட்டி இதை "மகரக்கட்டு உடையுது" என்பார். பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட்டு ஓகோ என்று இருந்த பையன்கள், மகரக்கட்டு உடைந்ததும் பாட முடியாமல் ஓரங்கட்டப்பட்ட கதைகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூத்தவனிடம் சோரன்சன் விஷயத்தைச் சொன்னேன். "அவன் பேசினதை எடுத்துட்டாங்களா?" என்றான். எடுக்கவில்லை, அதுவும் படத்தில் இருக்கிறது என்றேன். ஒன்றும் சொல்லாமல் தட்டில் இருந்த இரண்டாவது தோசையைச் சாப்பிட்டு முடித்தான்.

ஞாயிறு, இரவு

சின்னவள் கேட்டு மறுபடி பார்த்தோம். இந்த முறை எனக்குக் கதையின் கட்டுமானம் பிடிபட்டது.

குதிரை வீரர்களின் படம் என்றுதான் பேர். ஆனால் சண்டை மிகக் குறைவு. சர் எக்டரின் மகன் கே ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி எடுத்துத் தடாலென்று கீழே விழுகிறான். அவன் கலந்துகொள்ளும் லண்டன் போட்டி சில நிமிடங்களில் முடிகிறது. கல்லில் செருகிய வாள் முதல் காட்சியில் வருகிறது. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதன் பேச்சே இல்லை. அந்த இடைவெளி முழுக்க மெர்லின் என்ற மந்திரவாதி, இந்தப் பையனை மீனாக்குகிறார், அணிலாக்குகிறார், குருவியாக்குகிறார். கதை அலைகிறது என்று இதையும் குறை சொல்வார்கள். எனக்கு அந்த அலைச்சல்தான் படம்.

கோட்டை அகழியில் மீனாகக் குதிக்கிறான் வார்ட். நீந்தத் தெரியவில்லை. மீன் உடம்பு இருந்தால் மட்டும் நீச்சல் வந்துவிடாது என்று மெர்லின் வாலை ஆட்டக் கற்றுக்கொடுக்கிறார். பிறகு ஒரு பெரிய மீன் துரத்துகிறது. வாய் முழுக்கப் பல். மெர்லினால் உதவிக்கு வர முடியவில்லை. அகழியின் அடியில் எந்தக் காலத்திலோ விழுந்து கிடக்கும் ஒரு வீரனின் இரும்புத் தலைக்கவசத்துக்குள் அவர் மாட்டிக்கொண்டுவிட்டார். வார்ட்டே ஒரு பழைய அம்பைப் பிடித்து அந்த மீனின் வாயில் குறுக்கே நிறுத்தித் தப்பிக்கிறான். கடைசி நேரத்தில் ஆர்க்கிமிடிஸ் என்ற ஆந்தை வந்து தூக்கிக் கரை சேர்க்கிறது. சேர்த்துவிட்டு, காப்பாற்ற வரவில்லை, தின்னத்தான் வந்தேன் என்று சாதிக்கிறது. வீரனின் கவசம் சிறையாகிறது, சிறு பையனின் கையில் கிடைத்த அம்புத் துண்டு உயிரைக் காக்கிறது. இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை.

அணில் காட்சியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அணிலாக மாறிய வார்ட்டை ஒரு பெண் அணில் பார்த்ததும் விரும்பிவிடுகிறது. விடாமல் பின்னாலேயே வருகிறது. கிளைக்குக் கிளை தாவுகிறது, வாலால் சுற்றுகிறது. நான் அணில் இல்லை என்று அவன் எவ்வளவு சொல்லியும் அதற்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? கீழே விழுந்த அவனை ஓநாய் பிடிக்கப் போகும்போது, விரல் நீள உயிர் ஓநாயின் காலைக் கடித்து அவனைக் காப்பாற்றுகிறது. அடுத்த நிமிடம் மெர்லின் அவனை மனிதனாக்குகிறார். அது கிட்டே வருகிறது. முகர்ந்து பார்க்கிறது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறது. பிறகு மரத்துக்கு ஓடிப்போய் அழுகிறது.

அந்த முகத்தை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு கண், ஒரு மூக்கு, காதுகள் பின்னால் மடிந்திருக்கின்றன. நாலைந்து கோடுதான். அந்த நாலைந்து கோட்டில் ஒரு பெண்ணின் ஏமாற்றம் முழுசாக இருக்கிறது. சின்னவள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். "அதுக்கு யாராவது சொல்லியிருக்கணும்" என்று விம்மினாள். அதுவரை கிண்டலும் எரிச்சலுமாக இருந்த மெர்லினும் அங்கே அடங்கிப்போகிறார். அன்பைவிடப் பெரிய சக்தி உலகில் இல்லை என்று அவர் பையனுக்குச் சொல்வது அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டேதான்.

மூலக் கதையை எழுதியவர் டி. எச். ஒயிட். அவருடைய 1938ஆம் ஆண்டு நாவலில் பையன் மீனாகிறான், பறவையாகிறான். இந்த அணில் இல்லை. திரைக்கதை எழுதிய பில் பீட்டும் ஓவியர்களும் சேர்த்த அணில் அது.

திங்கள்

ஆபீசில் மாத முடிவு. எழுத நேரமில்லை. சாப்பாட்டு வேளையில் அணிலின் முகம் ஞாபகம் வந்தது.

செவ்வாய், இரவு

சின்னவள் மெர்லினை வரைய உட்கார்ந்தாள். டிவியில் அவர் தாடியை நிறுத்தி வைத்து, கிட்டே போய் நின்று பார்த்தாள். "அம்மா, இங்க வா. அழிக்காம விட்டுட்டாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். தாடியின் ஓரத்தில் ஒரே கோடு இல்லை. இரண்டு, மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. சட்டைக் கையின் மடிப்பிலும் அப்படித்தான். பென்சில் போன தடம் அப்படியே தெரிகிறது.

அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய காலப் படங்களில் ஓவியரின் பென்சில் படத்தின் மேல் செல்லுலாய்டு தாளை வைத்து, பெண் ஊழியர்கள் மையால் ஒவ்வொரு கோட்டையும் சுத்தமாக இழுத்துக் கொடுப்பார்கள். ஒரு படத்துக்கு இலட்சக்கணக்கில் தாள்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. அப் ஐவர்க்ஸ் என்ற தொழில்நுட்ப மேதை ஜெராக்ஸ் முறையை இதற்கு ஏற்றபடி மாற்றி, பென்சில் கோட்டையே நேரடியாகத் தாளில் ஏற்றினார். 1961இல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' முழுக்க இப்படி எடுத்தது. இது அதற்கு அடுத்தது. மில்ட் கால் போன்ற பெரிய ஓவியர்களின் கையெழுத்து, இடையில் யாருடைய கையும் படாமல் நம் கண்ணுக்கு வருகிறது. மை தீட்டிய பெண்களின் வேலை போனதை நினைத்தால் வருத்தம்தான். ஆனாலும் எனக்கு இந்தக் கரடுமுரடான கோடு பிடித்திருக்கிறது. ஒருவர் யோசித்துக்கொண்டே வரைந்தது தெரிகிறது.

மெர்லினின் மூக்கு வால்ட் டிஸ்னியுடையது. பில் பீட் முதலாளியின் மூக்கையும் முன்கோபத்தையும் மந்திரவாதிக்குக் கொடுத்துவிட்டார். டிஸ்னி உயிரோடு இருக்கும்போது அவர் நிறுவனத்திலிருந்து வெளியான கடைசி முழுநீளக் கார்ட்டூன் படம் இதுதான். 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார்.

வியாழன், இரவு

பிள்ளைகள் கூடத்தில் மந்திரச் சண்டை போட்டார்கள். மெர்லினுக்கும் மேடம் மிம் என்ற சூனியக்காரிக்கும் நடக்கும் சண்டை அது. மிருகமாக மட்டும்தான் மாறலாம், டிராகன் மாதிரிக் கற்பனை மிருகம் கூடாது, மறையக் கூடாது என்று மிம்மே விதி வைக்கிறாள். மறையக் கூடாது என்ற விதியை முதலில் மீறுகிறவளும் அவளே. முதலை, ஆமை, முயல், நரி, யானை, எலி, புலி என்று உருவங்கள் மாறிக்கொண்டே போகின்றன. இந்தப் படத்தில் ஓவியர்களின் திறமை உச்சத்துக்குப் போகிற இடம் இதுதான். ஒவ்வொரு மிருகத்திலும் மெர்லினின் மீசையும் மிம்மின் கலைந்த தலைமுடியும் தப்பாமல் இருக்கின்றன. கடைசியில் மிம் விதியை உடைத்து டிராகன் ஆகிறாள். மெர்லின் கண்ணுக்கே தெரியாத நோய்க்கிருமியாகி அவளைப் படுக்கையில் தள்ளுகிறார்.

சின்னவள் டிராகன். மூத்தவன் கிருமி. "நான் உனக்குள்ள வந்துட்டேன்!" என்று கத்தினான். கத்தும்போது குரல் கிறீச்சென்று மேலே போனது. ஒரு நொடி நின்றான். நான் அடுப்பு வேலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். "மெர்லின் கிருமியும் இப்படித்தான் கீச்சுனு பேசும்ணா" என்றாள் சின்னவள். அவன் மறுபடியும் கத்தினான்.

வெள்ளி, இரவு

டி. எச். ஒயிட் பிறந்தது 1906இல், பம்பாயில். அப்பா அங்கே போலீஸ் அதிகாரி. சிறு வயதிலேயே இங்கிலாந்து போனவர். பெற்றோர் சண்டைக்கு நடுவே வளர்ந்தவர். ஆசிரியராக இருந்து, வேலையை விட்டு, காட்டோரக் குடிசையில் தங்கி வல்லூறு பழக்கியவர். மிருகங்களிடம் பாடம் கற்கும் அநாதைப் பையனை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது இதைப் படித்ததும் எனக்கு விளங்கியது. படம் வெளியானது 1963 கிறிஸ்துமஸ் நாளில். 1964 ஜனவரி 17 அன்று, கிரேக்கத் துறைமுகத்தில் கப்பலில் அவர் இறந்தார்.

இன்று மூன்றாவது முறை பார்த்தோம். முடிவை மட்டும் எழுதிவிடுகிறேன். அண்ணன் கேயின் அம்பைத் தேடிக் காட்டுக்குள் போவதில் வார்ட்டின் கதை தொடங்குகிறது. அண்ணனின் வாளைத் தேடி ஓடுவதில் முடிகிறது. கேவுக்கு எடுபிடியாக இருக்க வேண்டியவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டதால்தான் இவனுக்கு லண்டன் போக வாய்ப்பே கிடைத்தது. போன இடத்தில் வாளைச் சத்திரத்தில் மறந்துவிட்டான். சத்திரம் பூட்டியிருக்கிறது. எதிரே கோயில் முற்றத்தில் ஒரு வாள் கல்லில் நிற்கிறது. அரசுப் பட்டம் எதுவும் அவன் மனசில் இல்லை. அண்ணனுக்கு ஒரு வாள் வேண்டும், அவ்வளவுதான். உருவிக்கொண்டு ஓடுகிறான்.

யாரும் நம்பவில்லை. மறுபடி செருகச் சொல்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் இழுத்துத் தோற்கிறார்கள். அவன் இழுத்ததும் வருகிறது. அதுவரை தண்டனைக் கணக்கு எழுதி அவனை அடுப்படிக்கு அனுப்பிய சர் எக்டர் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதை மூத்தவன் கண்கொட்டாமல் பார்த்தான். நானும் பார்த்தேன்.

படம் 79 நிமிடம்தான். குரல் உடைகிற வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு சாயங்காலம் போட்டுப் பாருங்கள். அணில் வருகிற இடத்தில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள்.