சந்தூக்குக்கு ஒரு வண்டி

மையித்தைத் தோள்மாற்றிச் சுமந்து செல்வதே நம்மவர்களின் பழைய வழக்கம். பள்ளிவாசலுக்கு அருகிலேயே மையவாடியும் அமைந்த ஊர்களில் அதற்கு வேறு வாகனம் தேவைப்படுவதில்லை. பள்ளிக்கரணையில் எங்கள் நிலை அவ்வாறன்று. வேளச்சேரி–தாம்பரம் சாலையின் இருமருங்கிலும் பல ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியேறியவர்கள் நாங்கள். எங்கள் மஹல்லாவுக்கெனத் தனி மையவாடி இல்லை. அடக்கத்திற்குப் பல மைல் போக வேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி மௌத்தானார். வாடகைக்கு வந்தது சரக்கு ஏற்றும் சிறு வண்டி. சந்தூக்கின் கால்பகுதி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேங்காய் நார்க் கயிற்றால் பிணைத்தார்கள். வழிநெடுக அவருடைய மகன் அந்தக் கயிற்றைப் பற்றியவாறே உட்கார்ந்து வந்தார். மேடுபள்ளம் வரும்போதெல்லாம் அவர் முகம் எப்படி மாறியது என்பதை எழுத எனக்கு மனமில்லை. மறுவாரமே நாங்கள் ஆறேழு பேர் கூடி, ஜனாஸாவுக்கென ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மேடவாக்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் உடனே ஒரு யோசனை சொன்னார். “மச்சான், உயரமான வேன் வேண்டாம். பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று தேடுங்கள். மீதியை என்னிடம் விடுங்கள்.” அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. வேனில் சந்தூக்கை ஏற்ற நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஸ்டேஷன் வேகனின் தளமோ தாழ்ந்தது. நான்கு முதியவர்கள் கூட இடுப்பளவில் பிடித்து உள்ளே தள்ளிவிடலாம். பின்னிருக்கையையும் முன்னே இடப்புற இருக்கையையும் எடுத்துவிட்டு, உருளைகள் பொருத்திய ஒரு பலகையைப் பதித்தால் வேலை முடிந்தது என்றார்.

அரபு மொழியில் மையித்தைத் தாங்கிய கட்டிலுக்கு ‘நஃஷ்’ என்று பெயர். வடவானத்தில் நாம் சப்தரிஷி மண்டலம் என்றழைக்கும் ஏழு விண்மீன்களை அரபியர் ‘பனாத்து நஃஷ்’, அதாவது சந்தூக்கின் புதல்வியர் என்றார்கள். நான்கு மீன்கள் சந்தூக்கு, பின்தொடரும் மூன்றும் அழுது செல்லும் மகள்கள். அதே ஏழு மீன்களை ஐரோப்பியரில் பலர் ‘பெரிய வண்டி’ என்று அழைக்கிறார்கள். சந்தூக்கையும் வண்டியையும் வானம் என்றோ இணைத்துவிட்டது. பள்ளிக்கரணையில்தான் அது எளிதில் இணையவில்லை!

முதலில் அம்பாஸடரைத் தேடினோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கி 2014 வரை வார்க்கப்பட்ட வண்டி அது. அதன் ‘எஸ்டேட்’ வகையில் கூரை பின்கதவு வரை நீண்டிருக்கும். நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாளில் அத்தகைய வண்டியொன்று நோயாளிகளை ஏற்றிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். இன்று கார் அம்பாஸடரே அருகிவிட்டது; எஸ்டேட்டுக்கு எங்கே போவது? பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குச் சென்றோம். கதவு கிடைத்தது, விளக்கு கிடைத்தது, முழு வண்டி கிடைக்கவில்லை. “ஹஜரத், முழுசா வந்தாலும் சாயங்காலத்துக்குள்ளே நாங்க பிரிச்சிடுவோமே!” என்று ஒரு கடைக்காரர் சிரித்தார்.

பிறகு பெரும்பாக்கம் பக்கம் ஒரு கொட்டகையில் எஸ்டேட் ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. வெளித்தோற்றத்தில் குறையில்லை. மைத்துனர் கீழே படுத்து, கதவின் அடிவிளிம்பில் திருப்புளியை அழுத்தினார். அது அப்பளத்தைத் துளைப்பதுபோல் உள்ளே போயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கொட்டகை நாட்கணக்கில் நீரில் நின்றதாம். தென்சென்னையின் மழைநீரெல்லாம் சதுப்பு நிலத்தை நோக்கி வரும் பூமி இது. அந்தச் சதுப்பில் நாம் வீடு கட்டிக்கொண்டால், நீர் நம் கொட்டகைக்குத்தானே வரும்? அம்பாஸடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அடிவிளிம்பு இற்றால் வண்டியே இற்றதாகும் என்று மைத்துனர் விளக்கினார்.

அதன்பின் கண்டதுதான் என் மனத்தை விட்டு அகலாத வண்டி. வண்டலூர்–பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததைத் தாம்பரம் வட்டாரத்து முதியோர் அறிவர். ‘ஹெரால்டு’ அங்கே உருவானதுதான். அந்த வரிசையில் 1970ஐ ஒட்டி ‘கம்பானியன்’ என்ற ஐந்து கதவு ஸ்டேஷன் வேகனும் வந்தது. 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரைக் கொணர்ந்து, அது எடுபடாமல், மூன்றே ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோயிற்று. அந்தத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவரின் வீட்டில் கம்பானியன் நிற்கிறது. ஹெரால்டுக்கு உடல் வேறு, சட்டகம் வேறு. ஆகவே மைத்துனரின் கண்கள் ஒளிர்ந்தன.

பெரியவர் சாவியைத் தந்தார். முதல் முயற்சியிலேயே எஞ்சின் உயிர்த்தது. நாங்கள் நோக்கத்தைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “பாய், நல்ல காரியத்துக்குத்தான் கேட்கிறீங்க. காசு வேண்டாம், எடுத்துக்கோங்க. ஆனா ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது” என்றார்.

“ஐயா, இருக்கையை எடுக்காமல் சந்தூக்கு நுழையாதே” என்றேன்.

“அப்ப இது வேற வண்டி பாய்” என்றார்.

அவர் பக்கமே சட்டமும் நின்றது. ஐம்பதாண்டு கடந்த வண்டியை அசல் உருவம் மாறாமல் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ள 2021இன் விதி இடம் தருகிறது; ஆனால் அதை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்தலாகாது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதோ 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் தடுக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. மைத்துனர் இதற்காக அரசாங்கத்தை நெடுநேரம் வைதார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் போகும் அந்நியனின் உயிரும் அந்த வண்டியோடு பிணைந்ததன்றோ?

கடைசியில், ஆம்புலன்ஸாகவே பதிவாகியிருந்த பழைய வேன் ஒன்றை மஹல்லாவின் சந்தாவால் வாங்கினோம். தளம் உயரந்தான். அதனால் ஸ்டேஷன் வேகனுக்கென்று வரைந்த பலகையை மைத்துனர் திருத்தினார். வண்டியோடு சேராமல் தனியே எடுத்துவைக்கக்கூடிய சரிவுப்பலகையாக அது மாறிற்று. புதுப்பேட்டையில் வாங்கிய எட்டு உருளைகள் அதில் ஓடுகின்றன. தேக்குச் சட்டம் வாங்கித் தந்தவர் பெருங்களத்தூர்ப் பெரியவர். வெள்ளோட்டத்தன்று தம் கம்பானியனை அவரே ஓட்டி வந்து, சரிவு சற்றுச் செங்குத்தாயிருக்கிறது, இன்னும் ஒரு சாண் நீட்டுங்கள் என்று சொல்லிப் போனார். நீட்டிவிட்டோம்.