1950: திருவண்ணாமலையும் ஒரு கேமராவும்

ஒரு வருடத்தை எதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது? 1950 என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே பதில்தான்: ஜனவரி 26, இந்தியா குடியரசானது. திருவண்ணாமலைக்காரர்களைக் கேட்டால் இன்னொரு தேதி சொல்வார்கள். ஏப்ரல் 14.

வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மதுரையிலிருந்து கிளம்பி 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன்பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அவர்தான் ரமண மகரிஷி.

1948 இறுதியில் அவருடைய இடது கையில் கட்டி வந்தது. புற்றுநோய். நான்கு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி திரும்பத் திரும்ப வந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வலியோடும், பார்க்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கடைசி நாள் வரை தரிசனம் நடந்தது.

ஏப்ரல் 14 வெள்ளிக்கிழமை இரவு 8.47-க்கு அவர் உயிர் பிரிந்தது. வயது 70. அப்போது ஆசிரமத்துக்கு அருகில் பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் தங்கியிருந்தார். நீண்ட வாலுடன் ஓர் எரிநட்சத்திரம் வானத்தில் மெதுவாக நகர்ந்து மலை உச்சிப் பக்கம் போய் மறைந்ததைப் பார்த்து, உடனே கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி 8.47!

இந்த மனிதருக்கும் இந்தியாவின் பெரிய மரணங்களுக்கும் என்ன தொடர்போ தெரியவில்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்புதான் அவரைச் சந்தித்திருந்தார். 1950 ஏப்ரலிலேயே, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய் ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தரும் காலமானார். பத்தே நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று பம்பாயில் சர்தார் படேல்.

1950-ல் யார் யார் இறந்தார்கள் என்று பட்டியல் போட்டால் இந்த மூன்று பெயர்களும் வந்துவிடும். வராத பெயர்கள் 22 இருக்கின்றன.

பிப்ரவரி 11, 1950. குடியரசாகி 16 நாட்கள்தான் ஆகியிருந்தன. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். பெரும்பாலோர் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்த மலபாரைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் இடதுசாரிகள் அஞ்சலி செலுத்துகிறார்கள். மற்றவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரமணரின் மரணத்துக்கு நிமிடக் கணக்கு இருக்கிறது. கடைசிப் படங்கள் இருக்கின்றன. வானத்து எரிநட்சத்திரம்கூட சாட்சிக்கு இருக்கிறது. சேலம் சிறைக்குள் அன்று கார்ட்டியே-பிரெசோன் இல்லை. இதில் ரமணர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்களில் பெரியவர், சிறியவர் என்று பார்க்காதவர் அவர். ஆசிரமத்துப் பசு லட்சுமிக்குக்கூட அங்கே சமாதி உண்டு. பெயரும் உண்டு.

பசுவுக்குக் கிடைத்த அந்த மரியாதை, 22 மனிதர்களுக்கும் நம் ஞாபகத்தில் கிடைக்க வேண்டாமா? அடுத்த முறை 1950 என்று யாராவது சொன்னால், ஜனவரி 26-க்கும் ஏப்ரல் 14-க்கும் நடுவில் பிப்ரவரி 11-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.