சமமாகப் பகிர்ந்தால் மட்டும் போதாது

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அதன்கீழ் ஊருக்கொரு அங்கன்வாடி மையம் இருந்துவிட்டால் எல்லோருக்கும் நியாயம் செய்தாகிவிட்டது என்றே இன்றும் பேசுகிறோம். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் மனு எழுதி அலுவலகம் ஏறி இறங்கத் தெம்பு வேண்டும். சீசனுக்குச் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஏது? இருபது வீடுள்ள மலைக்கிராமத்தில் நாற்பது குழந்தைகளுக்கு எங்கே போவது? விடியுமுன் சூளையில் கல் அறுக்கத் தொடங்கும் தாய், வெயில் ஏறியபின் திறக்கும் மையத்தை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவாள்?

சிலருக்குக் கூடுதலாகச் செய்வது பாரபட்சமில்லையா என்று கேட்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கதைப்புத்தகமும் ப்ரீகேஜியும் ஏற்கெனவே கிடைத்துவிடுகின்றன. இல்லாத பிள்ளைக்குக் கூடுதலாகத் தந்தால்தான் நிலை சமமாகும். செலவு தாங்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி ஆய்வு, 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் முன்பருவக் கல்வி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நாற்பது வயதில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவாகவே கைதானார்கள். சிறிய ஆய்வுதான், அப்படியே இங்கே பொருந்தாது. ஆனாலும் பின்தங்கியவர்களுக்குச் செய்யும் செலவு வீணாகாது என்பதற்கு அது வலுவான சான்று.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வயதையும் உரிமையாக்க வேண்டும். சூளைக்கே மையம் போக வேண்டும். தாயின் வேலை நேரத்துக்கு அது திறந்திருக்க வேண்டும்.