அடுப்பைப் பறித்தவள்

என் அம்மாவிடமிருந்து அடுப்பைப் பறித்தவள் நான். பாதுகாப்பு என்று சொல்லிப் பறித்தேன், ஓய்வு என்று சொல்லிப் பறித்தேன். உறவினர்களிடமும் அலுவலகத்திலும் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். இதில் எது உண்மை, எது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு என்பதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

அப்பா போன பிறகு அம்மா திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு என்னோடு வந்தாள். வந்த சில நாட்களிலேயே சமையலறை அவள் கைக்குப் போனது. எனக்கு வங்கி வேலை. மாலையில் களைத்துத் திரும்பினால் ஒரு நாள் தீயல், ஒரு நாள் அவியல், முருங்கைக்கீரை கிடைத்த நாளில் கூட்டாஞ்சோறு, யாராவது விருந்தாளி வந்தால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் என்று சாப்பாடு காத்திருக்கும். நான் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள். ஐம்பது வயதிலும் அதைச் சாப்பிட்டுத்தான் தெம்பாக இருந்தேன்.

ஒரு மாலை கதவைத் திறந்ததும் கேஸ் வாடை அடித்தது. பால் பொங்கி வழிந்து பர்னர் அணைந்துபோயிருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா பால்கனியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி நிற்கும். ஒரு ஸ்விட்சைத் தட்டும்போது எழும் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, அதன் பிறகு அம்மாவைத் திட்டினேன். கை நடுங்கியது. அந்தப் பயம் நியாயமானது, அதை இன்றும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்து நான் செய்தது பயத்தால் மட்டும் செய்ததல்ல. அந்தச் சமையலறை என் இஷ்டப்படி இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்குள் முன்பே இருந்தது. மேடையெல்லாம் சிந்தும் தேங்காய்த் துருவல், எண்ணெய்ப் பிசுக்கு, நான் வைத்த இடத்தில் இல்லாத டப்பாக்கள், நான் ஏதாவது சமைத்தால் “உப்பு காணாது” என்று வரும் சொல், இவை எல்லாம் எனக்குள் சேர்ந்துகொண்டே இருந்தன. பொங்கிய பால் எனக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது. என் கையிலும் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. போனில் பேசிக்கொண்டே கடாயைக் கருக்கியிருக்கிறேன். என்னிடமிருந்து யாரும் அடுப்பைப் பறிக்கவில்லை.

அந்த வாரமே மின்சார மல்டி குக்கர் ஒன்று வாங்கினேன். வதக்கலாம், வேகவைக்கலாம், ஆவியில் அவிக்கலாம், தயிர் உறையவைக்கலாம், சமைத்ததைச் சூடாக வைத்திருக்கலாம். எல்லாம் ஒரே பானையில். நெருப்பு இல்லை. வேலை முடிந்தால் தானே நின்றுவிடும். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அலுவலகம் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் போன் வந்தது. “ஏட்டி, அடுப்பு பத்த மாட்டேங்கு. சிலிண்டர் தீந்துட்டோ?” என்று கேட்டாள். “இனிமே உனக்கு அந்த வேலையே வேண்டாம்மா, ரெஸ்ட் எடு. எல்லாம் மிஷின் பாத்துக்கிடும்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு “சரி” என்று வைத்துவிட்டாள்.

அம்மாவின் சமையலுக்குக் கடிகாரம் விசில்தான். அரிசிக்கு இத்தனை விசில், துவரம்பருப்புக்கு இத்தனை, கொண்டைக்கடலைக்கு இத்தனை என்று கணக்கு. விசிலின் ஓசையை வைத்தே தண்ணீர் குறைந்துவிட்டதா என்று சொல்லுவாள். கூடத்தில் உட்கார்ந்தபடியே அடுப்படியில் நடப்பது முழுவதும் அவளுக்குத் தெரியும். புதிய பானையில் விசில் கிடையாது. அழுத்தம் ஏறியதும் ஒரு சிறு ஊசி மேலெழும்பி மூடியைப் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நாம் வைக்கும் நிமிடக் கணக்கு அழுத்தம் முழுதாக ஏறிய பிறகே ஓடத் தொடங்கும்; ஏறுவதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அடுப்பில் வைக்கும் குக்கரில் வெயிட் எழும்பும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு. தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். மின்சாரப் பானைகள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் இயங்குகின்றன. ஆகவே பருப்புக்குக் கூடுதல் நேரம் கொடுக்கவேண்டும். ஆவி வெளியே போகாததால் தண்ணீரையும் குறைத்து விடவேண்டும். இதெல்லாம் தெரியாததால் அம்மாவுக்கு அந்தப் பானை புரிபடவில்லை. கூட வந்த கையேட்டை நான் வரி விடாமல் படித்திருந்தேன். அவளுக்குச் சொல்லவில்லை.

பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மா தமிழ்ப் பத்திரிகையை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படிப்பவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். “ஒரு தடவை சொல்லிக் குடுட்டி, நான் பழகிக்கிடுதேன்” என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தேன், ரயிலைப் பிடிக்கப் போகிறவளின் வேகத்தில். அவள் மூடியை மாற்றித் திருப்பியபோது, “விடும்மா, நானே பாத்துக்கிடுதேன்” என்று கையை விலக்கினேன். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. வங்கியில் முதியவர்கள் ஏ.டி.எம். அட்டையோடு தடுமாறும்போது பொறுமையாகப் பத்து முறை சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தப் பொறுமை வீட்டுக்கு வந்து சேரவில்லை.

காலையில் வைக்கும் சோறு மாலை வரை பானையிலேயே சூட்டில் கிடக்கும். “சோத்துல ஒரு வாடை வருதுட்டி” என்றாள் அம்மா. ஒரு முறை பாயசத்தில் சாம்பார் வாசம் அடிக்கிறது என்றாள். நான் சொன்ன பதில்: “உனக்கு நாக்கு செத்துட்டும்மா, வயசாயிட்டுல்லா.” இந்தக் கட்டுரையில் எழுதக் கை கூசும் வாக்கியம் இதுதான். அவள் சொன்ன இரண்டும் உண்மை. மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடக்கும் சோறு மஞ்சள் பாரித்து வாடை பிடிக்கும். மூடியில் இருக்கும் சிலிக்கோன் காஸ்கெட் மசாலா வாசனையை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த சமையலில் இறக்கும். அவளுடைய மூக்கும் நாக்கும் சரியாகவே வேலை செய்தன. எனக்குத்தான் கேட்க மனமில்லை.

அடுப்போடு போனவை எவ்வளவு என்று நான் கவனிக்கவும் இல்லை. காலையில் தள்ளுவண்டிக்காரரிடம் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து விலை பேச அவள் இறங்கிப் போவது நின்றது. எதிர் வீட்டுக்குக் கிண்ணத்தில் அவியல் போகும். அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. அந்தப் போக்குவரத்தும் நின்றது. ஊரிலிருந்து அவள் தங்கை போன் செய்தால் “இன்னைக்கு என்ன குழம்பு வச்சே?” என்றுதான் பேச்சு தொடங்கும். அம்மா “அவதான் வச்சா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவாள். எனக்கோ அலுவலகத்தில் பாராட்டு. “அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டேன்” என்று சொன்னபோது எல்லோரும் என்னை நல்ல மகள் என்றார்கள். நானும் நம்பினேன்.

இந்த வகைப் பானைகளுக்கெல்லாம் முன்னோடியான தானியங்கி மின்சார ரைஸ் குக்கரை ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கும் வேலையை ஏற்றவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்பட்டறைக்காரர். சோறு எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் பதமாக வேகிறது என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்துக் கணக்கெடுத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும், உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும் என்ற அந்த நுட்பம் ஓர் இல்லத்தரசியின் அடுப்படி அறிவின் மேல் நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தானியங்கி என்று நான் கொண்டாடிய பொருளுக்குள் இருந்தது என் அம்மாவைப் போன்ற ஒருத்தியின் உழைப்பு. அந்தப் பொருளைக் காட்டியே நான் என் அம்மாவின் அறிவு இனித் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

சித்தி ஊரிலிருந்து வந்தபோது சொதி வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் வைப்பது சொதி. தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்துகொள்ள வேண்டும். காய்கள் மூன்றாம் பாலில் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் பிறகு. கெட்டியான முதல் பால் கடைசியில், இறக்கும் நேரத்தில். எலுமிச்சைச் சாறு சூடு தணிந்த பிறகு. இது எனக்கும் தெரியும். தெரிந்தும், பானை பார்த்துக்கொள்ளும் என்று காய், பருப்பு, மூன்று பால் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி மூடிப் பொத்தானை அழுத்தினேன். அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஊற்றியதைப் பார்த்தாள்.

மூடியைத் திறந்தபோது பால் திரிந்து எண்ணெய் தனியே மிதந்தது. முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்து கிடந்தது. சித்தி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். இரவு அம்மாவிடம் கேட்டேன்: “பால் திரியும்னு உனக்குத் தெரியுமே. ஏம்மா சொல்லல?”

“நீ கேக்கலியே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. இந்த வீட்டில் தன்னைக் கேட்டால்தான் பேசவேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவள் நான்.

மறுநாள் ரெகுலேட்டரை மாட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். “போட்டி, இதுக்கு எதுக்கு” என்று அவள் தள்ளிவிட்டாள். கடைவீதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவளே ஒரு பால் குக்கரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். இரட்டைச் சுவர் உள்ள பாத்திரம் அது. இடையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தால் பால் அந்த வெந்நீர்ச் சூட்டிலேயே காயும், பொங்கி வழியாது, நேரமானதும் விசிலடிக்கும். பல்லாண்டுகளாகக் கடைகளில் இருக்கும் பொருள். மல்டி குக்கரோடு ஒப்பிட்டால் விலை மிகச் சொற்பம். எனக்கிருந்த பயம் பொங்கும் பாலைப் பற்றியது மட்டும் என்றால், முதல் நாளே இதை வாங்கியிருக்கலாம். நான் இதைத் தேடவே இல்லை. சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்புகளும் கிடைக்கின்றன, அவற்றையும் விசாரிக்கவில்லை. என் எண்ணம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மல்டி குக்கரை ஒழித்துக்கட்டிவிடவில்லை. நல்ல பொருள்தான் அது. பொத்தான்களின் மேல் தமிழில் எழுதி ஒட்டினோம். அம்மா அதை என்னைவிட நன்றாகப் பழகிவிட்டாள். கூட்டாஞ்சோற்றுக்கு இதுபோல் தோதான பானை இல்லை என்கிறாள். அரிசி, பருப்பு, காய், கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் ஒன்றாக வேகிற சோறு அது. தண்ணீரை மட்டும் குறைத்துக்கொண்டாள். குழம்புக்குப் புளியைப் பருப்போடு சேர்த்துப் போடாதே, புளிப்பில் பருப்பு வேகாது, பருப்பைத் தனியே வேகவைத்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றி மூடியில்லாமல் வதக்கும் சூட்டில் கொதிக்கவிடு என்று எனக்குச் சொல்லித்தந்தாள். சோறு வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறாள். காஸ்கெட்டைக் கழற்றித் தேய்த்து வெயிலில் காயவைக்கிறாள். பாயசத்துக்கென்று தனிக் காஸ்கெட் வாங்கச் சொன்னாள், வாங்கினேன். சொதியும் அதில் வைத்தாள். காயும் பருப்பும் வெந்து, அழுத்தம் இறங்கி, மூடி திறந்த பிறகு இரண்டாம் பாலுக்கு இளஞ்சூடு. பானையை அணைத்த பிறகு முதல் பால். திரியவில்லை. தாளிப்பு மட்டும் எப்போதும் கேஸ் அடுப்பில், அவளுடைய பழைய இரும்புக் கரண்டியில்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. எதிர் வீட்டுக்காரர்கள் இதற்கிடையில் வீடு மாறிப்போய்விட்டார்கள். அம்மா முன்பெல்லாம் என்ன சமைப்பது என்று யாரையும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு காலையும் நான் கிளம்பும்போது, “இன்னைக்கு இத வைக்கட்டா?” என்று கேட்கிறாள். அனுமதி கேட்கும் குரல் அது. “உனக்குப் பிடிச்சத வையிம்மா” என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். மறுநாளும் கேட்கிறாள்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்காக இப்படி ஒரு பானை வாங்க நினைப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கடைக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள். எது பயமாக இருக்கிறது, எந்த வேலை கையை வலிக்கச் செய்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். பொத்தான்களின் மேல் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எத்தனை முறை மாற்றி அழுத்தினாலும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். பழைய அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவர்களைக் கேட்காமல் அதன் ரெகுலேட்டரில் கைவைக்காதீர்கள்.