ரெண்டு பேருக்கு ஒரு டென்ட் – ஒரு குரங்கணி கணக்கு

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏறிப் போவார்கள். மலையில் மழை பிடித்துக் கொண்டால் அவர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், இல்லாவிட்டால் தோட்டத்து ஷெட். அதே ஊர் பஸ் ஸ்டாண்டில், முதுகில் பெரிய பையோடு கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் குரங்கணி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மலையேற வேண்டும், மேலே எங்காவது ஒரு ராத்திரி தங்க வேண்டும். பையில் ஒரு டென்ட் இருக்கிறது. அது எப்படிப்பட்ட டென்ட்டாக இருக்க வேண்டும்? கேள்வி சின்னதுதான். பதில்தான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் எடை. இந்த மலைச் சரிவுக்கு எடை என்பது ரொம்பப் பழைய பிரச்சனை. மூணாறு பக்கத்துத் தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. 1908-ல் போட்ட அந்தக் குட்டி ரயில் பாதையை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் மிச்சம். ஆக, சுமையை இறக்குவதற்கே கயிறு கட்டிய மலை இது. ஏற்றப் போகிறவன் கிராம் கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை.

கிராம் கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் கண்ணு வைப்பது ஒற்றைச் சுவர் டென்ட் மீது. ஒரே ஒரு துணி, அதுதான் சுவர், அதுதான் கூரை. எடை குறைவு. இரட்டைச் சுவர் டென்ட்டில் இரண்டு அடுக்கு. உள்ளே கொசுவலைத் துணியில் தைத்த கூடு, அதற்கு மேல் தண்ணீர் புகாத தனி உறை. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்று. இந்தக் கொஞ்சம் காற்றுக்காக எதற்கு அரைக் கிலோ கூடுதலாகத் தூக்க வேண்டும்?

காரணம் மூச்சு. தூங்கும் மனிதன் மூச்சாலும் தோலாலும் ஒரு ராத்திரியில் கால் லிட்டர் போல நீரை ஆவியாக விடுகிறான். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். டென்ட்டுக்குள் ஒரு சின்ன வாட்டர் பாட்டிலைத் திறந்து ஊற்றியது போல. இந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டதும் தண்ணீராகிறது. போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், கொழுக்குமலை சுமார் 2,100 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் போடியில் ஃபேன் போட்டுப் படுத்திருக்கும் அதே நேரத்தில் மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு. போதாததற்கு மூடுபனி வேறு. ஒற்றைச் சுவர் டென்ட்டில் விடிகாலையில் கையைத் தூக்கினால் கை நனையும். காற்று அடித்தால் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும்.

இரட்டைச் சுவர் இந்த ஈரத்தை நிறுத்திவிடும் என்று நினைக்கக் கூடாது. ஈரம் அதிலும் வரும். ஆனால் வெளி உறையின் உள்பக்கத்தில் சேர்ந்து, பக்கவாட்டில் வழிந்து மண்ணுக்குப் போகும். உங்களுக்கும் அதற்கும் நடுவே வலைக் கூடு இருக்கிறது. தப்பித் தவறிச் சொட்டினாலும் வலை தாங்கிக் கொள்ளும். அதனால் வாங்கும்போது பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று: மேல் உறையின் உச்சியில் காற்றுப் போக வழி இருக்கிறதா, அடிவிளிம்பு தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிற்கிறதா? குளிருகிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிப் படுத்தால் இரட்டைச் சுவர் வாங்கிய காசு வீண்.

ஈரம் என்றால் என்ன என்று போடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்தில் பறித்த பச்சை ஏலக்காய் நாலைந்து கிலோவை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். மிச்சமெல்லாம் தண்ணீர். ஈரம் என்பதே எடைதான். டென்ட்டுக்கும் அதே நியாயம். கடையில் 2 கிலோ என்று எடை போட்டு வாங்கிய டென்ட், மழையில் நனைந்து மறுநாள் பையில் ஏறும்போது சில நூறு கிராம் கூடியிருக்கும். நைலான் துணி ஈரத்தில் தொய்ந்தும் போகும், ராத்திரி எழுந்து கயிற்றை இறுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. ஆனால் அதே பலத்துக்கு நைலானை விடக் கொஞ்சம் எடை கூடும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிடித்த விஷயம் அடுத்தது. டென்ட் பெட்டியில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று, உள்கூடு, மேல் உறை, கம்பிகள் மட்டும். இன்னொன்று முளை, கயிறு, உறைப்பை எல்லாம் சேர்த்து. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எடை. முதுகில் ஏறப்போவது இரண்டாவது. தரைக்கு அடியில் விரிக்கும் ஷீட் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. மொத்தத்துக்கும் நிகரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பேலன்ஸ் ஷீட் போட்டால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும்.

'இரண்டு பேர்' என்பதும் அப்படிப்பட்ட ஒரு கணக்கு. படுக்கும் மேட் ஒன்று ஏறக்குறைய 50 செ.மீ. அகலம். இரண்டு போட்டால் ஒரு மீட்டர். உள்ளே 130 செ.மீ. அகலம் இருந்தால் இரண்டு பேர் படுக்கலாம், பை வெளியேதான். அந்தப் பை நனையாமல் இருக்க மேல் உறை முன்பக்கம் நீண்டு ஒரு திண்ணை மாதிரி இடம் விட வேண்டும். ஒரே கதவு என்றால் நடுராத்திரியில் ஒருவர் எழுந்திருக்க இன்னொருவரைத் தாண்ட வேண்டும். இரண்டு கதவு, இரண்டு திண்ணை என்றால் நட்பு நீடிக்கும்! ஆனால் ஜிப்பும் ஒரு எடைதான்.

கட்டும் வரிசையும் முக்கியம். பல டென்ட்டுகளில் உள்கூட்டை முதலில் நிறுத்தி, பிறகு மேல் உறையைப் போர்த்த வேண்டும். கொட்டும் மழையில் அந்த ஐந்து நிமிஷத்தில் படுக்கும் இடம் குளமாகிவிடும். மேல் உறையை முதலில் கட்ட வசதியுள்ள டென்ட் என்றால் மழைக்கால மலைக்குப் பெரிய நிம்மதி. ஈரக் காட்டில் அட்டைகளும் உண்டு. நாலு பக்கமும் தைத்து ஜிப் போட்ட உள்கூடுதான் அதற்கு மருந்து. கம்பி அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர் கிளாஸ் மலிவு, ஆனால் எடை அதிகம், நீளவாக்கில் பிளந்து கையில் சிராய் ஏறும்.

சரி, விலை? பிக் ஆக்னஸ் கம்பெனியின் காப்பர் ஸ்பர் போன்ற பெயர் பெற்ற இருவர் டென்ட்டுகள் 1.4 கிலோ அளவில் வருகின்றன. சாதாரண இருவர் டென்ட் இரண்டரை, மூன்று கிலோ. விலையோ பல மடங்கு வித்தியாசம். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். விலை வித்தியாசத்தைக் குறையும் கிலோவால் வகுத்தால், ஒரு கிலோ குறைக்க எத்தனை ஆயிரம் என்று தெரியும். டென்ட்டை இரண்டு பேர் பிரித்துத் தூக்குவதால் ஆளுக்குக் குறைவது அதில் பாதிதான். ஒருவர் உள்கூடு, இன்னொருவர் உறையும் கம்பியும். அரைக் கிலோவுக்காக ஒரு செமஸ்டர் ஃபீஸா என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

யோசிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த அரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு எங்கே நடப்பது?

குரங்கணியில் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. அது வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு காலையில் ஏறி அன்றைக்கே இறங்க வேண்டும். கொழுக்குமலைக்குப் பயணிகள் போவது கேரளப் பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில். அங்கே தோட்ட நிலத்து முகாம்களில் டென்ட்டில் தங்கலாம். ஜீப் தூக்கும் டென்ட்டுக்கு 1.4 கிலோ எதற்கு?

இந்தக் கெடுபிடி எதனால் என்று மறந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த மலையேற்றக் குழுக்கள் முதல் நாள் ஏறி, கொழுக்குமலையில் ராத்திரி தங்கி, குரங்கணி நோக்கி இறங்கிக் கொண்டிருந்தன. காய்ந்த புல் சரிவில் காட்டுத்தீ சூழ்ந்து கொண்டது. சிகிச்சையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போக, இறந்தவர்கள் 23 பேர். பெரும்பாலும் இளைஞர்கள். அதன் பிறகுதான் அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

அந்த ராத்திரி அவர்களுக்கு நல்லபடியாகவே கழிந்தது. ஆபத்து வந்தது பகலில். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மனிதன் மேட்டில் ஓட ஓட மெதுவாவான், தீ வேகமாகும். நைலானும் பாலியஸ்டரும் அதன் முன்னால் உருகும் பிளாஸ்டிக், அவ்வளவுதான். டென்ட்டுக்குள் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அதில் புகை மூச்சு அடைக்கும் ஆபத்து வேறு.

இங்கேதான் அந்த இரண்டு பையன்களின் கணக்கு தலைகீழாகிறது. டென்ட்டுக்கு ரொம்ப வசதியான மாதங்கள் எவை? பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மழை இல்லை, உறையில் ஈரம் இல்லை, ஒற்றைச் சுவரே போதும், பை லேசாக இருக்கும். ஆனால் புல் காய்ந்து கிடப்பதும் அப்போதுதான். காட்டுத்தீக் காலம் என்று வனத்துறை பாதைகளை மூடுவதும் அப்போதுதான். பாதை திறந்திருக்கும் மாதங்களில் பனி இருக்கும், தூறல் இருக்கும், அட்டை இருக்கும், டென்ட் நனையும். நனைந்த டென்ட் இந்த மலையில் நல்ல சகுனம். விடிகாலையில் உறையைத் தொட்டால் கை காய்ந்தபடியே இருக்கிறதென்றால், புல்லும் காய்ந்துதான் இருக்கும்.

ஆகவே வாங்கும் வரிசை இப்படி: முதலில் மாதம், பிறகு அனுமதி, பிறகு தங்கும் இடம், கடைசியில் டென்ட். குரங்கணி, கொழுக்குமலை அளவுக்கு, இரண்டு இரண்டரை கிலோவில், காற்று நன்றாகப் போகும் ஒரு சாதாரண இரட்டைச் சுவர் டென்ட் தாராளம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம். ஹிமாச்சல், லடாக் என்று நாலைந்து நாள் தாங்களே சுமந்து நடக்கப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த 1.4 கிலோ காசுக்குப் பெறும்.

வாங்கியவர்கள் திரும்பி வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஈரத்தோடு சுருட்டி ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், உறைக்குள் பூசிய பூச்சு பிசுபிசுத்து உரியும். மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து ஒரு நாள் காயப் போடுங்கள். டென்ட் காய வேண்டிய இடம் மொட்டை மாடி. மலை ஈரமாகவே இருக்கட்டும்.